தாவர ஸ்டீராய்டும் ஏற்பியும்: செடியின் பெயரை விட்டுவிடலாமா?

அறிவியற் செய்திகளைத் தமிழாக்குவோர்க்குத் 'தாவரங்களில்' என்னும் சொல் மிகவும் வசதியானது. மூலத்தில் எந்தச் செடி குறிக்கப்பட்டிருப்பினும், அதன் லத்தீன் பெயரைத் தமிழெழுத்தில் எழுதி, அது இன்ன குடும்பத்தைச் சார்ந்தது என்று விளக்கிக்கொண்டிராமல், 'தாவரங்களில் இவ்வாறு கண்டறியப்பட்டுள்ளது' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே எழுதி வந்தேன். அது பிழை என்பதும், வெறும் நடைப்பிழையன்று, பொருட்பிழையே என்பதும் இன்று என் கருத்து. இதனை விளக்கப் பிராசினோஸ்டீராய்டுகள் எனப்படும் தாவர ஹார்மோன்களை எடுத்துக்கொள்கிறேன். நான் இடறியது அங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் உழவர்க்கான சிறு வெளியீடொன்றைத் தமிழாக்கும் பணி என்னிடம் வந்தது. இந்த ஹார்மோன் தண்டின் உயிரணுக்களை நீளச் செய்கிறது என்று மூலம் கூறியது. எந்தச் செடியில் என்பது அடிக்குறிப்பில் இருந்தது. அடிக்குறிப்பை விட்டுவிட்டு, 'பயிர்களின் வளர்ச்சியைக் கூட்டும்' என்று எழுதினேன். அச்சாகி வந்தபின், நெல் ஆராய்ச்சியில் ஈடுபட்டுள்ள நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "நெல்லுக்கு இதைக் கொடுத்தால் இலை சாயும் ஐயா. அதுவா உழவர் வேண்டும் வளர்ச்சி?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அதன் பின்னரே இப்பொருளைப் பற்றி முறையாகப் படிக்கத் தொடங்கினேன்.

ஸ்டீராய்டு என்றவுடன் மருத்துவர் தரும் மாத்திரையும் விளையாட்டு வீரர் மீதான தடையுமே பலர்க்கு நினைவுக்கு வரும். செடிகளும் ஸ்டீராய்டு ஹார்மோன்களை ஆக்குகின்றன என்பது 1979இல் ஐயமற நிறுவப்பட்டது. கடுகோடு நெருங்கிய உறவுடைய ரேப் என்னும் எண்ணெய்வித்துச் செடியின் மகரந்தத்தைத் தேனீக்கள் திரட்டித் தர, அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் அதில் ஏறத்தாழ 227 கிலோகிராமைப் பிரித்தாய்ந்தனர். கிடைத்த தூய பொருள் 4 மில்லிகிராம். கடுகினத்தின் லத்தீன் பெயரைத் தழுவி அதற்குப் பிராசினோலைடு என்று பெயரிட்டனர். பெயரே ஒரு செடியை நினைவூட்டுகிறது என்பதைக் கவனிக்க. 1982இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காஸ்டஸ்டீரோன் என்னும் உறவுப் பொருளைப் பூச்சியால் உண்டான கழலைகளிலிருந்து பிரித்தெடுத்தனர். அக்கழலைகள் செஸ்ட்நட் மரத்தில் தோன்றியவை. இப்பெயரும் மரத்தின் பெயரையே தழுவியது.

விலங்குகளின் உடலில் ஸ்டீராய்டு ஹார்மோன் பெரும்பாலும் உயிரணுவின் உள்ளே புகுந்து, அங்குள்ள ஏற்பியோடு கூடி, உட்கருவிலுள்ள மரபணுக்களைத் தூண்டும். செடிகளில் அவ்வாறன்று. அவற்றின் ஏற்பி உயிரணுவின் புறச்சவ்வில் பதிந்து நிற்கும் நீண்ட புரதம். அதன் வெளிப்பகுதி ஹார்மோனைப் பற்றும். உட்பகுதி, பிற புரதங்களின்மேல் பாஸ்பேட்டை ஏற்றும் நொதியாகும். 1997இல் அராபிடாப்சிஸ் என்னும் கடுகினச் சிறுசெடியில் இதன் மரபணு இனங்காணப்பட்டது, பி.ஆர்.ஐ.1 என்பது அதன் பெயர். இது பழுதுபட்ட செடி கரும்பச்சை நிறத்துடன் தரையோடு தரையாகக் குறுகிக் கிடக்கும். ஹார்மோனை எவ்வளவு ஊற்றினும் நிமிராது. வெளிப்பகுதியின் வடிவம் 2011இல் எக்ஸ்-கதிர் ஆய்வால் தெளிவாயிற்று. வளைந்த சுருள் போன்ற அமைப்பின் உட்புறத்தில் ஒரு சிறு மடிப்பு. அதில் ஹார்மோன் படிகிறது. படிந்த ஹார்மோனைத் தழுவியபடி பி.ஏ.கே.1 என்னும் துணையேற்பி வந்து சேர்கிறது. இரண்டு புரதங்களுக்கும் ஹார்மோனே பசையாகிறது எனலாம்.

இதுவரை கூறியவை அராபிடாப்சிஸ் பற்றியவை. இங்கே நின்று, 'தாவரங்களில் ஸ்டீராய்டு செயற்படும் விதம் இது' என்று எழுதுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

நெல்லிலும் இதே குடும்பத்து ஏற்பி உண்டு. அது பழுதுபட்ட டி61 என்னும் குட்டை நெல்லை 2000இல் விவரித்தனர். ஆயினும் நெல்லில் முதன்மையாகச் செயற்படுவது காஸ்டஸ்டீரோன். இலையின் தாளும் உறையும் சேரும் மூட்டில், மேற்புற உயிரணுக்களை ஹார்மோன் நீளச் செய்வதால் இலை தண்டைவிட்டு விலகிச் சாய்கிறது. இச்சாய்வு எத்துணைத் துல்லியமானதெனில், ஹார்மோனின் அளவை மதிப்பிடும் சோதனையாகவே அதனை ஆய்வாளர்கள் கையாளுகின்றனர். ஏற்பி வலுக்குன்றிய நெல்லிலோ இலை செங்குத்தாக நிற்கும். நிமிர்ந்த இலை ஒன்றின்மேல் ஒன்று நிழலிடாது. ஆகவே நெருக்கி நடலாம். ஹார்மோனைக் குறைவாக ஆக்கும் ஒரு நெல் வகை, நெருக்கி நட்டபோது கூடுதல் உரமின்றியே மிகுந்த விளைச்சல் தந்ததென்று 2006இல் ஜப்பானில் அறிவித்தனர். என் வெளியீட்டைப் படித்த உழவர், கூடுதல் ஹார்மோன் கூடுதல் நெல் என்றல்லவா கருதியிருப்பார்! ஏற்பி மிகவும் குன்றினால் நெல்மணி சிறுக்கும் என்பதையும் மறைத்தலாகாது.

பார்லியின் கதை சுவையானது. ஜப்பானிலும் கொரியாவிலும் சீனத்திலும் 'உசு' என்னும் குட்டைப் பார்லியை உழவர்கள் நெடுங்காலமாகப் பயிரிட்டு வந்தனர். அதன் குட்டைத்தன்மைக்குக் காரணம் இதே ஏற்பியின் உட்பகுதியில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதே என்பது 2003இல் வெளியாயிற்று. ஹார்மோனின் பெயர் பிறக்குமுன்னரே உழவர் அதன் ஏற்பியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்! ஆனால் பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையை இதனோடு சேர்த்துவிடக் கூடாது. அது ஜிப்பரெல்லின் என்னும் வேறு ஹார்மோனைச் சார்ந்தது. குட்டை என்ற ஒரு சொல்லைக் கொண்டு இரண்டையும் ஒன்றாக்கிய கட்டுரைகளை நான் கண்டிருக்கிறேன்.

தக்காளியில் ஆய்வாளர்களே தடுமாறினர். காயம்பட்ட தக்காளி இலையில் சிஸ்டமின் என்னும் சிறு புரதம் எச்சரிக்கை விடுக்கிறது. அதனை ஏற்கும் புரதத்தை 2002இல் தனிப்படுத்திப் பார்த்தபோது, அது தக்காளியின் ஸ்டீராய்டு ஏற்பியாகவே இருந்தது. ஓர் ஏற்பிக்கு இரண்டு வேலைகள் என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. ஆனால் அவ்வேற்பி பழுதுபட்ட தக்காளியும் சிஸ்டமினுக்கு வழக்கம்போல் மறுமொழி தந்ததென 2007இல் காட்டப்பட்டது; 2018இல் சிஸ்டமினுக்குரிய ஏற்பி வேறொன்றென்று அறியப்பட்டது.

'அப்படியாயின் இனத்துக்கு இனம் எல்லாமே வேறா?' என்று வாசகர் வினவலாம். இல்லை. 2000இல் நடந்த ஒரு சோதனையில் அராபிடாப்சிஸ் ஏற்பியின் வெளிப்பகுதியை, நெல்லின் பாக்டீரிய இலைக்கருகல் நோயை எதிர்க்கும் எக்ஸ்.ஏ.21 என்னும் புரதத்தின் உட்பகுதியோடு இணைத்து நெல் உயிரணுக்களில் புகுத்தினர். பிராசினோலைடைச் சேர்த்தவுடன் அவ்வுயிரணுக்களில் நோயெதிர்ப்புச் செயல்கள் தொடங்கின. கடுகினத்தின் காது நெல்லிலும் கேட்கிறது. கேட்ட செய்திக்குப் பொருள் சொல்வது உட்பகுதியும் அதன் பின்னுள்ள புரதங்களுமே. இந்த எக்ஸ்.ஏ.21 ஆப்பிரிக்கக் காட்டு நெல்லொன்றிலிருந்து வந்தது. 2008இல் வெளியான மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியிலும் அது உண்டு.

ஒவ்வொரு வாக்கியத்திலும் செடியின் பெயரைப் புகுத்தினால் வாசகர் சலிப்படைவார் என்று உடன்பணியாற்றும் நண்பர்கள் கூறுகின்றனர். அவர்கள் கூற்றிலும் நியாயம் உண்டு. 'அராபிடாப்சிஸ்' நம் நாவுக்கு இனிய சொல்லன்று. ஆயினும் ஹோமோபிராசினோலைடு கலந்த தெளிப்புக் கரைசல்கள் நம் நாட்டுக் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றைப் பணம் கொடுத்து வாங்குபவர் நம் வாக்கியத்தை நம்பியே வாங்கக்கூடும். எப்பயிருக்கு, எப்பருவத்தில், எவ்வளவு என்பனவே அவர்க்கு வேண்டியவை. 'பயிர்களுக்கு' என்னும் பொதுச்சொல் இம்மூன்றையும் விழுங்கிவிடுகிறது. வாசகரின் சலிப்பைவிட உழவரின் இழப்பு பெரிது.

சொற்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஹார்மோனுக்கு 'இயக்குநீர்' என்று எழுதுவோர் உளர். செடியில் ஹார்மோனுக்கெனத் தனிச் சுரப்பியும் இல்லை, இந்த ஸ்டீராய்டு நீரில் எளிதில் கரைவதும் இல்லை. ஆகவே நான் ஹார்மோன் என்றே எழுதுகிறேன். 'ஏற்பி' நல்ல சொல். ஆனால் விலங்கின் உட்கரு ஏற்பியையும் செடியின் சவ்வு ஏற்பியையும் அது வேறுபடுத்திக் காட்டாது. 'சவ்வேற்பி', 'உட்கருவேற்பி' என இரண்டையும் கலைச்சொற் பட்டியலில் தனித்தனியே சேர்க்குமாறும், ஆய்வுச் செய்தி ஒவ்வொன்றின் முதல் வாக்கியத்திலேயே செடியின் பெயர் வருமாறு விதி செய்யுமாறும் இவ்விதழின் ஆசிரியர் குழுவை வேண்டுகிறேன். பழைய வெளியீட்டுக்கான திருத்தத்தை எழுதி அனுப்பியுள்ளேன். அதில் நெல்லுக்குத் தனிப் பத்தி இருக்கிறது.