முகவரியைப் பங்கிடுவது யார் வேலை?

சாதனங்களுக்கு நினைவக முகவரி ஒதுக்குவது பயாஸின் வேலை, இயங்குதளத்தின் கர்னல் அதில் கைவைப்பது அத்துமீறல் என்கிறார்கள் சிலர். பழைய நாளில் இந்தச் சிக்கலே இல்லையாம். உண்மைதான். 1955-இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்த எச்இசி-2எம் கணினியின் காந்த உருளையில் 1024 சொற்களுக்குத்தான் இடம்; எது எங்கே என்பதை நிரல் எழுதியவரே தீர்மானித்தார். புதிதாக ஒரு கார்டைச் செருகி இடம் கேட்க அங்கே யாருமில்லை.

இன்றைய பிசிஐ சாதனம் தனக்கு வேண்டிய அளவை இரண்டின் அடுக்காகச் சொல்கிறது. அந்த அளவின் மடங்கில் தொடங்கும் இடம்தான் அதற்கு ஆகும். இயங்கும்போதே செருகப்படும் சாதனத்துக்கு, பயாஸ் விட்டுச்சென்ற இடைவெளி போதாமல் போகலாம். பயாஸின் அட்டவணையும் வேதவாக்கு அல்ல. சில மடிக்கணினிகளில், பிசிஐக்கென்று அது காட்டிய பகுதியையே, பயாஸ் தரும் நினைவக வரைபடமான இ820 பட்டியல் 'ஒதுக்கப்பட்டது' என்றது. அதை நம்பி அப்பகுதியை வெட்டிவிட்ட லினக்ஸ், டச்பேடுக்கு இடம் தர முடியாமல் நின்றது. கடைசியில், 2023 முதலான பயாஸ்களில் அந்தப் பட்டியலை வைத்துப் பகுதியை வெட்டுவதையே லினக்ஸ் கைவிட்டது.

முகவரியை மாற்றினால், பழைய இடத்தை நம்பியிருக்கும் பயாஸ் குறிநிரல் தடுமாறாதா? தடுமாறலாம், இது மட்டும் நேர்மையான ஆட்சேபம். அதனால்தான் எக்ஸ்86-இல் லினக்ஸ் சரியாக இருக்கும் ஒதுக்கீட்டை அப்படியே விட்டு, விடுபட்டதையே நிரப்புகிறது. எதையும் மாற்றாதே என்று பயாஸ் கேட்க விரும்பினால், இயங்குதளத்துக்குத் தகவல் தரும் ஏசிபிஐ இடைமுகம் வழியாக அதைச் சொல்லவும் முறை இருக்கிறது.