கடைசிப் புள்ளிக்குப் பின் ஒரு '1'

வீடு கட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் கதவு, ஜன்னலுக்கு மரம் அறுத்துக்கொண்டிருப்பதில்லை. ரெடிமேடாக வாங்கி வந்து பொருத்திவிடுகிறார்கள். வெப்சைட் உருவாக்குகிறவர்களும் அப்படித்தான். லாகின் பக்கம், ஃபைல் அனுப்பும் வசதி என எல்லோருக்கும் தேவைப்படும் பாகங்களைத் தயாராக வைத்திருக்கும் தொகுப்புக்குப் பெயர் 'ஃப்ரேம்வொர்க்'. இவற்றில் பல, 'ஓப்பன் சோர்ஸ்' வகை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம். தப்பு இருந்தால் திருத்தியும் தரலாம்.

'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' இந்த வகைதான். ஜாவாவில் எழுதப்படும் வெப்சைட்டுகளுக்கானது. 2017 மார்ச் 7-ம் தேதி அதற்கு ஒரு புதுப் பதிப்பு வந்தது. பழைய எண் 2.5.10. புது எண் 2.5.10.1. வித்தியாசம், கடைசிப் புள்ளிக்குப் பின் ஒரே ஒரு '1'.

இந்த எண்களுக்கு அர்த்தம் உண்டு. பொதுவாக, முதல் எண் மாறினால் வீட்டையே இடித்துக் கட்டிய மாதிரி. நடு எண் மாறினால் புதிதாக ஓர் அறை. கடைசி எண் மாறினால், மழைக்கு ஒழுகிய இடத்தில் ஓடு மாற்றிய மாதிரி. இதைத்தான் 'பேட்ச்' என்கிறார்கள். பார்வைக்கு எதுவும் மாறியிருக்காது. அதனாலேயே, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தோன்றும்.

ஆனால், அந்த '1' அடைத்தது சாதாரண ஓட்டையை அல்ல. ஃபைல் அனுப்பும் பகுதிக்கு ஒரு குறிப்பிட்ட விதமாகத் தகவல் அனுப்பினால், பாஸ்வேர்டே இல்லாமல் அந்த சர்வரை ஹேக்கர்கள் ஆட்டுவிக்க முடியும் என்ற நிலை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேட்ச் வெளியானதும், ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடும். சில நாட்களுக்குள்ளேயே, பேட்ச் போடாத சர்வர்களை உலகம் முழுக்கத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் 'ஈக்விஃபேக்ஸ்' நிறுவனம் மாட்டியது இப்படித்தான். இங்கே சிபில் செய்வதுபோல, யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று கணக்கு வைக்கும் நிறுவனம் அது. '48 மணி நேரத்துக்குள் பேட்ச் போடுங்கள்' என்று மார்ச் 9-ம் தேதியே உள்ளுக்குள் இமெயில் போனது. ஆனால், மக்கள் தங்கள் கடன் அறிக்கையில் உள்ள தவறைப் புகார் செய்யும் பக்கம் மட்டும் விடுபட்டுப்போனது. அடுத்து நடத்திய சோதனையிலும் அது சிக்கவில்லை.

மே மாதம் நடுவில் ஹேக்கர்கள் உள்ளே நுழைந்தார்கள். ஜூலை இறுதியில்தான் நிறுவனத்துக்குத் தெரியவந்தது. அதற்குள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயிருந்தன. பெயர், பிறந்த தேதி, முகவரி, பலருடைய சமூகப் பாதுகாப்பு எண் வரை! 2019-ல், 70 கோடி டாலர் வரை கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. பேட்ச்சோ இலவசம்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 'ரூபி ஆன் ரெயில்ஸ்' என்ற ஃப்ரேம்வொர்க்கில் பெரிய ஓட்டை ஒன்று தெரிந்து, 2013 ஜனவரி 8-ம் தேதி பேட்ச் வந்தது. நெதர்லாந்து மக்கள் அரசு சேவைகளுக்குள் நுழையப் பயன்படுத்தும் 'டிஜிடி' வசதி அதில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளே அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டார்கள். மக்களுக்குச் சிரமம்தான். ஆனால், கதவைத் திறந்துபோட்டுக் காத்திருப்பதைவிட அது மேல்.

கடைக்கோ, பள்ளிக்கோ, கோயிலுக்கோ வெப்சைட் வைத்திருக்கிறீர்களா? செய்து கொடுத்தவரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள். 'கடைசியாக எப்போது அப்டேட் செய்தீர்கள்? நாம் பயன்படுத்தும் பதிப்புக்கு இன்னும் பேட்ச் வருகிறதா?' பழைய பதிப்புகளுக்கு ஒரு கட்டத்துக்கு மேல் பேட்ச் தருவதை நிறுத்திவிடுவார்கள். 'டிஜாங்கோ' என்ற ஃப்ரேம்வொர்க்கில், நீண்ட காலப் பதிப்புக்கே சுமார் மூன்று வருடம்தான்.

உங்கள் போனுக்கும் இதே கணக்குதான். அப்டேட்டை ஆப் ஸ்டோரிலோ செட்டிங்ஸிலோ இருந்து மட்டும் செய்யுங்கள், எஸ்.எம்.எஸ்ஸில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னார்கள் பெரியவர்கள். இங்கே அணையை வேறு யாரோ கட்டி, வாசல் வரை கொண்டுவந்தே கொடுக்கிறார்கள். எடுத்து வைப்பதுதான் நம் வேலை.