கயிறு அறுந்தா விதியா?

தொட்டியம் பக்கம் வாழைத்தார் வண்டி சேற்றில் புதைவதும், காவிரி மணலில் ஜீப் சிக்குவதும் புதுசில்லை மக்களே. உடனே ஒரு டிராக்டர், ஒரு இரும்புச் சங்கிலி, சுற்றிலும் வேடிக்கைக் கூட்டம். "இன்னும் வேகமா இழுப்பா!"ன்னு ஒரு குரல். இதுக்குப் பேர் சாமர்த்தியமாம்!

சங்கிலி நீளாது. வெடுக்கென்று இழுத்தால் அறுந்து திரும்பி அடிக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அடியின் ஆற்றல் நான்கு மடங்கு, இது பள்ளிக்கூடப் பாடம்தானே?

நைலான் ரெக்கவரி ஸ்ட்ராப் நீண்டு கொடுத்து இழுக்கும். அதுக்காக அதையும் கண்மூடி நம்பாதீங்க. மாட்டிய இடம் பிய்ந்தால் இரும்புத் துண்டு குண்டு மாதிரி பறக்கும். ஆஸ்திரேலியாவில் டிரெய்லர் மாட்டும் டோ பாலில் ஸ்ட்ராப்பை மாட்டி, அது பிய்ந்து அடித்து ஆட்களே செத்திருக்கிறார்கள்.

அதனால் முதலில் மண்வெட்டி. சக்கரத்தைச் சுற்றித் தோண்டுங்க, டயரில் கொஞ்சம் காற்றை இறக்குங்க. பாதி வேலை அங்கேயே முடியும். பம்பரில் மாட்டாதீங்க, சேஸியோடு சேர்ந்த கொக்கியில்தான் மாட்டணும். ஸ்ட்ராப் நடுவில் ஈரச்சாக்கைப் போடுங்க. கூட்டம் ஸ்ட்ராப் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும், அதன் நேர்கோட்டில் யாருமே நிற்கக்கூடாது. டிராக்டர் என்றால் கீழே இருக்கும் டிராபாரில் மட்டும். உயரத்தில் கட்டினால் முன்பக்கம் தூக்கி டிரைவர் மேலேயே கவிழும்.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குங்கிறீங்களா? ஸ்ட்ராப் வாங்கின காசைச் செலவுக் கணக்கில் எழுதலாம். வேடிக்கை பார்க்க வந்த பையனின் உயிரை எந்தக் கணக்கில் எழுதுவீங்க? விதின்னா?