படமாக வரும் அறிக்கையை யார் படிப்பது?

சாதி எதிர்ப்பு அமைப்புகளின் அறிக்கைகள், கூட்ட அழைப்புகள், சிறு வெளியீடுகள் எல்லாம் இன்று பெரும்பாலும் கைபேசிக்குத்தான் வருகின்றன. வருபவற்றில் பெரும்பகுதி படம். லெட்டர்பேடில் அச்சடித்துப் போட்டோ எடுத்த அறிக்கை, நீலப் பின்னணியில் எழுத்தை வைத்த போஸ்டர், பழைய நூலின் பக்கங்களை ஸ்கேன் செய்த பிடிஎப். என் கைபேசி இவை எல்லாவற்றையும் ஒரே சொல்லில் வாசித்து முடித்துவிடுகிறது: "படம்."

எனக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மிகக் குறைவு. எழுத்தைப் பெரிதாக்கினால் பத்து நிமிடம் படிக்கலாம். அதற்கு மேல் கண்ணில் நீர் கோத்துவிடும். முனைவர் பட்ட ஆய்வுக்காகப் படித்தவற்றில் பெரும்பாலானவற்றைக் காதால்தான் படித்தேன். அதற்காக எந்தக் கருவியும் தனியாக வாங்கவில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், விண்டோஸ் கணினியில் நரேட்டர் என்று திரைவாசிப்பான்கள் உள்ளேயே இருக்கின்றன. செட்டிங்ஸில் ஆக்ஸஸிபிலிட்டி என்ற பகுதியைத் திறந்து இயக்கினால் போதும். உங்கள் கையில் இருக்கும் கைபேசியிலும் அது இருக்கிறது.

இதற்கும் சாதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பட்டப்படிப்பின்போது விடுதியில் எனக்குப் படித்துக்காட்ட ஒரு வகுப்புத் தோழன் இருந்தான். நல்லவன். பாடங்களைப் பொறுமையாகப் படிப்பான். அம்பேத்கர் நூலை நீட்டினால் மட்டும், "இதெல்லாம் எதுக்குடா, எக்ஸாமுக்கு வருமா?" என்பான். படித்தாலும் சாதிப் பெயர் வரும் இடத்தில் குரல் இறங்கும். அறைக்குள் யாராவது வந்தால் நிறுத்திவிடுவான். சில பத்திகளை அவன் தாண்டிப் போயிருக்கிறான் என்பது, பின்னாளில் அதே நூலைக் கைபேசியில் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இன்னொருவர் வாய் வழியாகத்தான் படிக்க முடியும் என்றால், எதைப் படிப்பது, எதை விடுவது என்பதை அந்த வாய்தான் முடிவு செய்யும். படிப்பைத் தங்கள் வாய்க்குள் பூட்டி வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு மறுத்த கதை நமக்குப் புதிதல்ல. கைபேசிக் குரல் உணர்ச்சியில்லாதது, சில சொற்களைத் தப்பாக உச்சரிக்கும். ஆனாலும் அது முகம் சுளிக்காது. இரவு இரண்டு மணிக்கு ஒரே பத்தியை நான்கு முறை படிக்கச் சொன்னாலும் படிக்கும். என் காதுக்கும் அம்பேத்கருக்கும் நடுவில் யாருடைய சாதியும் வந்து உட்காராது. வாசிப்பில் சுயமரியாதை என்பதை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

இந்த வசதிகள் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டாம். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்து, ஆங்கிலக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே திணறும் தோழர்கள் நம்மிடையே ஏராளம். கணினியில் எட்ஜ் உலாவியில் கட்டுரையைத் திறந்து கன்ட்ரோல், ஷிப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குரல் படிக்கும், படிக்கிற சொல் திரையில் ஒளிரும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம். ஒரு சொல்லை எப்படி உச்சரிப்பது என்று தெரியாமல் செமினாரில் கூசி நிற்க வேண்டியதில்லை. தமிழுக்கும் பல்லவி, வள்ளுவர் என்ற பெயர்களில் குரல்கள் உண்டு. தட்டச்சு வராதவர் பேசியே எழுதலாம். ஜிபோர்டு விசைப்பலகையில் 2017 முதல் தமிழ்க் குரல் உள்ளீடு இருக்கிறது. காது கேளாத தோழர் கூட்டத்தில் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைத் திறந்து வைத்தால், பேச்சு எழுத்தாக ஓடும். தமிழிலும் ஓடும், பிழைகளோடு.

இவை கம்பெனிகளின் கருணை என்றும் நினைக்க வேண்டாம். 1977 ஏப்ரலில், 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாகுபாட்டுத் தடைப் பிரிவை நடைமுறைப்படுத்தக் கோரி, சான் பிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் அரசு அலுவலகக் கட்டடம் ஒன்றுக்குள் புகுந்தார்கள். மூன்று வாரங்களுக்கு மேல் வெளியேற மறுத்தார்கள். அவர்களுக்குச் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தவர்கள் பிளாக் பாந்தர்கள். 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் யாருடைய பெயரைத் தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்களோ, அதே பாந்தர்கள். அத்தகைய போராட்டங்களின் தொடர்ச்சியாக, அமெரிக்க மத்திய அரசு வாங்கும் கணினியும் மென்பொருளும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று 1998இல் சட்டம் திருத்தப்பட்டது. பெரிய வாடிக்கையாளர் கேட்டால் எந்தக் கம்பெனியும் அசையும்.

இவ்வளவு வழி திறந்த பிறகும் நம் எழுத்து பலருக்கு எட்டவில்லை. படமாக அனுப்புவது ஒரு காரணம். பழைய எழுத்துரு இன்னொரு காரணம். பாமினியில் தட்டச்சு செய்த கோப்பு திரையில் தமிழாகத் தெரியும், அடியில் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். அதில் "அம்மா" என்ற சொல் கணினிக்கு "எம், கே, செமிகோலன், கே, எச்". இப்படி இருநூறு பக்கத்தைக் கேட்டு யாரால் படிக்க முடியும்? ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசே 2010இல் ஏற்றுக்கொண்டுவிட்டது.

நம் மரபு இதற்கு நேர் எதிரானது. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய இதழுக்கு விலையையே பெயராக வைத்தார்: ஒரு பைசாத் தமிழன். காசில்லாதவர் கைக்கும் எழுத்து போக வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது. பெரியார் 1935இல் லை, னை, றா, னா போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்களைக் கைவிட்டுக் குடி அரசை அச்சிட்டார். படிப்பவருக்கும் எளிது, அச்சுக் கோப்பவருக்கும் எளிது என்பதே அவர் சொன்ன நியாயம். அரசு அதை ஏற்க 1978 ஆனது. எழுத்தைப் புனிதமாகப் பார்க்காமல் கருவியாகப் பார்த்து, ஆளுக்கும் இயந்திரத்துக்கும் ஏற்ப மாற்றிய இயக்கத்தின் வாரிசுகள், அந்த எழுத்தைப் படத்துக்குள் அடைத்து அனுப்பலாமா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரில் அது 2.45. யாருக்காகப் பேசுகிறோம் என்கிறோமோ, அவர்களிடையேதான் இந்த எண்ணிக்கை கூடுதல். டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை அரசிடம் நீட்டும் கை, தன் வாட்ஸ்அப் குழுவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஆளும் இல்லை, பணமும் இல்லை, இதையெல்லாம் யார் செய்வது?" என்று தோழர்கள் கேட்பார்கள். பெரும்பாலான வேலைக்குப் பணமே தேவையில்லை. அறிக்கையைப் படமாக அனுப்பும்போது அதன் எழுத்தையும் கீழே ஒட்டுங்கள். அது ஏற்கெனவே யாரோ தட்டச்சு செய்ததுதான். பாமினிக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்ற இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. ஸ்கேன் செய்த பக்கத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால், தமிழ் எழுத்தைப் பிரித்துத் தரும். பிழை திருத்தத்தான் மனிதர் வேண்டும். ஒரு வாசகர் வட்டத்தில் பத்துப் பேர் ஆளுக்குப் பத்துப் பக்கம் எடுத்தால், நூறு பக்க நூல் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக நூலை இப்படி மாற்றுவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அனுமதிக்கிறது.

வெளியிடும் முன் டாக்பேக்கை இயக்கி ஒருமுறை கேளுங்கள். இயக்கியதும் கைபேசி வேறு மாதிரி நடந்துகொள்ளும், பதற வேண்டாம். ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இருமுறை தட்டினால் திறக்கும், இரண்டு விரலால் நகர்த்த வேண்டும். பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

இதைவிடவும் நல்ல வழி ஒன்று உண்டு. உங்கள் வெளியீட்டுக் குழுவில் பார்வையற்ற தோழர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பு வெளியே போகலாமா வேண்டாமா என்பதைக் கடைசியாக அவர் சொல்லட்டும்.