கேம்பர்வேன் எடுத்தா ஹோட்டல் செலவு மிச்சமா? எங்க வீட்டுச் சண்டையும் கணக்கும்

மக்களே, போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை முத்தாபுதுப்பேட்டை வீட்டு மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன். என் மனைவி போனை நீட்டினாங்க. ஒரு ஜோடி, ஒரு வேன். பின்பக்கக் கதவைத் திறந்தா பனிமூட்டம், கையில காபி டம்ளர். அடுத்த காட்சியில ரெண்டு பேரும் பாராகிளைடிங்ல பறக்கறாங்க.

"கல்யாண நாளுக்கு இப்படிப் போலாமா? ஹோட்டல் செலவே இல்ல பாரு"ன்னு கேட்டாங்க.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு. போகக் கூடாதுன்னு சொல்ல வரல. ஆனா கேம்பர்வேன் காசை மிச்சம் பண்ணும்னு நினைச்சுப் போனா ஏமாந்துடுவீங்க.

நாங்க யோசிச்ச ரூட் இதுதான். நெமிலிச்சேரியில அவுட்டர் ரிங் ரோடு ஏறி, வண்டலூர்ல திருச்சி ஹைவேயைப் பிடிச்சு கொடைக்கானல். அங்கிருந்து தேனி, போடி வழியா சூரியநெல்லி, கொழுக்குமலை. அப்புறம் வாகமண். அஞ்சு நாள், நாலு ராத்திரி, சுத்தி வர சுமார் 1,500 கிலோமீட்டர்.

எங்களுக்குச் சொன்ன வேன் வாடகை ஒரு நாளைக்கு 8,000. அஞ்சு நாளைக்கு 40,000. திருப்பித் தர்ற டெபாசிட் தனி. வேன் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தா டீசலுக்கே 14,000 பக்கம் வரும். டோலுக்கு 2,500. ராத்திரி வண்டியை நிறுத்த, தண்ணி, டாய்லெட், கரன்ட் இருக்கிற இடம் வேணும்ல? ராத்திரிக்கு 1,200-ன்னு வெச்சா 4,800. சாப்பாடு 6,000, ரெண்டு பேருக்குப் பாராகிளைடிங் 7,000, கொழுக்குமலை ஜீப் 3,000. மொத்தம் 77,300.

இதே ரூட்டை எங்க பழைய ஹேட்ச்பேக்ல போனா? பெட்ரோல் 8,400, டோல் 2,000, நாலு ராத்திரி ரூம் 10,000, சாப்பாடு 7,000, அதே பாராகிளைடிங்கும் ஜீப்பும் 10,000. மொத்தம் 37,400. சீசனைப் பொறுத்து நூறு, ஐநூறு மாறலாம். ஆனா 10,000 ரூபாய் ரூம் வாடகையை மிச்சம் பண்ண 40,000 ரூபாய் வேன் வாடகை கொடுக்கறோம்ங்கிறது மாறாது.

"எங்க வேணா நிறுத்தித் தூங்கலாம்"ங்கிறதும் ரீல்ஸ்ல மட்டும்தான். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே 7-லிருந்து இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் - ஜூன் சீசன்ல கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000 வண்டி, வார இறுதியில 6,000 வண்டின்னு சென்னை உயர் நீதிமன்றம் எண்ணிக்கையே வெச்சுது. ஊட்டி வழியா மைசூர் போலாம்னு பார்த்தா, முதுமலை - பந்திப்பூர் காட்டு ரோடு ராத்திரி 9-லிருந்து காலை 6 வரைக்கும் மூடியிருக்கும். யானை நடக்கிற ரோட்டோரத்துல வேனை நிறுத்தி ஃபில்டர் காபி போடறது ரொமான்ஸ் இல்லைங்க.

சரி, ஆசைப்பட்டாச்சு, கையில காசு இல்ல. பெர்சனல் லோன் போடலாமா?

இதுல நான் நியாயமாப் பேச முடியாது, ஏன்னா நான் சூடு பட்டவன். 2022-ல மணாலி போக ஒன்றரை லட்சம் லோன் போட்டேன். 14 சதவீத வட்டி, 24 மாசம், இஎம்ஐ 7,200. வட்டி மட்டும் கிட்டத்தட்ட 22,800. பணம் போனது கூடப் பரவாயில்ல. 13-வது மாசம் மனைவியோட ஆபீஸ்ல ஆட்குறைப்பு வந்துது. வீட்டு வாடகை, அப்பாவோட மாத்திரை, கூடவே அந்த 7,200. நாலு மாசம் கழிச்சுத்தான் அவங்களுக்கு அடுத்த வேலை கிடைச்சுது. அந்த நாலு மாசமும் 5-ஆம் தேதி பேங்க் மெசேஜ் வந்தாலே ரெண்டு பேரும் பேசிக்க மாட்டோம். சோலாங் போட்டோ ஒன்னு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருந்துது. அதை யார் எடுத்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் ரெண்டு பேரும் கேட்டுக்கல.

உடனே, "கொச்சி டீக்கடை விஜயன் - மோகனா கடன் வாங்கித்தானே உலகம் சுத்துனாங்க?"ன்னு கேப்பீங்க. உண்மைதான். தினமும் 300 ரூபாய் எடுத்து வெச்சாங்க, பத்தாததுக்குக் கடன் வாங்கினாங்க. ஆனா திரும்பி வந்து, வருஷக்கணக்கா கடையில நின்னு அந்தக் கடனை அடைச்ச பிறகுதான் அடுத்த டிக்கெட். 2021-ல விஜயன் தவறிட்டார். அதுக்குள்ள 26 நாடு பார்த்துட்டாங்க. அவங்க வருமானம் அவங்க கடை கல்லாவுல இருந்துது. நம்ம வருமானம் ஹெச்ஆர் அனுப்பற ஒரு மெயில்ல போயிடும்.

வேன்தான் வேணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா ரெண்டு விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

ஒன்னு, நம்பர் பிளேட். செல்ஃப் டிரைவ் வாடகை வண்டின்னா கறுப்பு பிளேட்ல மஞ்சள் எழுத்து இருக்கணும். வெள்ளை பிளேட் வேனை "ஃப்ரெண்டோடதுன்னு சொல்லிக்கோங்க"ன்னு பாதி விலைக்குக் கொடுப்பாங்க. மலை ரோட்டுல இடிச்சா, சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விட்டதாச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். அப்புறம் அந்த ஃப்ரெண்டையும் தேடணும். சொந்த ஆம்னியில கட்டில், அடுப்பு வெச்சு மாத்தலாம்னு நினைக்கிறவங்களுக்கும் சொல்றேன், ஆர்டிஓ அனுமதி இல்லாம வண்டியோட அமைப்பை மாத்தறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி தப்பு.

இன்னொன்னு பாலிசி. மெடிக்ளெய்ம்ல "அட்வெஞ்சர் ஸ்போர்ட்ஸுக்குக் கவர் இல்ல"ன்னு பொதுவா ஒரு பேச்சு இருக்கு. ஹெல்த் பாலிசிகள்ல ஐஆர்டிஏஐ வகுத்த பொது விதிவிலக்கு, அதைத் தொழிலாச் செய்யறவங்களுக்குத்தான். லீவுல ஒரு தடவை பறக்கிற நமக்கு இல்ல. ஆனா விபத்துக் காப்பீட்டுலயும் டிராவல் பாலிசியிலயும் வாசகம் வேற மாதிரி, ரொம்பக் கடுமையா இருக்கலாம். ஆபீஸ் பாலிசியோட பிடிஎஃப்பைத் திறந்து அந்த ஒரு பக்கத்தைப் படிங்க. பறக்கிறதுக்கு முன்னாடி கையெழுத்து கேக்கற பேப்பரையும் படிங்க. நான் மணாலியில படிக்காமலே போட்டேன்.

இவ்வளவையும் எக்ஸெல்ல போட்டு மனைவிகிட்ட காட்டினேன். பொறுமையாப் பார்த்தாங்க.

"கணக்கு சரிதான். ஆனா நான் ஹோட்டலை மிச்சம் பண்ணக் கேக்கல. அந்த வேன்ல ஒரு ராத்திரி தூங்கணும், அவ்ளோதான். ஹோட்டல்னு நான் சொன்னது நீ ஒத்துக்கறதுக்காக."

இதுக்கு எக்ஸெல்ல எந்தக் காலமும் இல்ல. கொஞ்ச நேரம் நான் ஒன்னும் பேசல. ஆசையை ஆசைன்னு சொன்னா நான் காது கொடுக்க மாட்டேன்னு, அதை மிச்சம்னு மாத்திச் சொல்ல வேண்டியிருக்கு அவங்களுக்கு. அது என் தப்பு. உங்க வீட்டுலயும் இது நடக்குதான்னு பாருங்க.

அப்புறம் உட்கார்ந்து தேடினோம். கேரளாவோட முதல் கேரவன் பார்க் 2022-ல வாகமண்லதான் திறந்தாங்க. கேரவன்ல தூங்க முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வேனை ஓட்டிட்டுப் போக வேண்டியதில்ல. எங்க கார்ல போறோம், மூணு ராத்திரி சாதா ரூம், ஒரு ராத்திரி மட்டும் கேரவன். அதுக்கு 6,500 ஒதுக்கியிருக்கோம். மொத்தம் 41,400. கைச்செலவுக்கும் சேர்த்து 45,000.

மாசம் 4,500, பத்து மாசம் ஆர்டி. சம்பளம் வந்த மறுநாளே போற மாதிரி போட்டாச்சு. முடிவுல ஆயிரத்துச் சொச்சம் வட்டி நமக்கு வரும். கல்யாண நாளுக்குப் போக முடியாது, நாலு மாசம் தள்ளித்தான். அதுல அவங்களுக்குக் கொஞ்சம் வருத்தம். மழைக்காலத்துல பாராகிளைடிங்கும் இருக்காதுன்னு சொன்னதும் பாதி சமாதானம்.

அந்த எக்ஸெல் ஷீட்டை அடுத்த வீடியோவுல திறந்து காட்டறேன். வேன் வாடகை கட்டத்துல உங்க ஊர்ல சொல்ற தொகையைப் போட்டுப் பாருங்க. கீழ புதுசா ஒரு கட்டம் இருக்கும், "அவங்க கேட்டது"ன்னு. அது என் மனைவி சேர்த்தது. அதுல ஃபார்முலா எதுவும் போடல.