கண்ணுக்கு அழகா, வாசிப்புக்கு உதவியா?



2024 கிறிஸ்துமஸ் ஆராதனைக்காக, மியூஸ்ஸ்கோர் 4 மென்பொருளில் பாடகர் குழுவுக்கு இசைக்குறிப்பு ஆயத்தம்பண்ணினேன். அதன் வழக்கமான லேலண்ட் எழுத்துரு அச்சுப் புத்தகத்தின் சாயலுடையது. எனக்கோ கையால் எழுதினதுபோன்ற மியூஸ்ஜாஸ் எழுத்துருவே பிரியமாயிருந்தது.

மாற்றினேன், சுரக்குறிகள் மாத்திரமே மாறின. பாடல் வரிகள் பழையபடியே நின்றன. குறிகளுக்குரிய எழுத்துரு வேறு, சொற்களுக்குரியது வேறு. 'ஃபார்மட்' பட்டியலில் 'ஸ்டைல்' என்பதைத் திறந்து, முன்னதை 'ஸ்கோர்' பக்கத்திலும், பின்னதை 'டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ்' பக்கத்திலும் தனித்தனியே மாற்றவேண்டும். மேலும், மியூஸ்ஜாஸின் சொல்லெழுத்துருவில் தமிழ் எழுத்துக்கள் இல்லை. ஆகையால் தமிழ் வரிகளுக்கு லதா போன்ற தமிழ் எழுத்துருவையே தெரிந்துகொள்ளவேண்டும்.

ஒத்திகையில் முதிய சகோதரர் ஒருவர் தாளைக் கண்ணருகே பிடித்து, “ஐயா, இந்தக் குறி கோட்டின்மேல் இருக்கிறதா, இடைவெளியில் இருக்கிறதா?” என்று கேட்டார். என் முகம் வாடிற்று. நான் என் ரசனையைப் பார்த்தேன். அவருடைய கண்களை நினைக்கவில்லை.

அன்றிரவே குறிகளை லேலண்டுக்குத் திருப்பினேன். தலைப்பை மாத்திரம் கையெழுத்துச் சாயலில் விட்டேன். ஒத்திகைக்கு முன்பே, குழுவில் பார்வை மங்கின ஒருவரிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடையின்றி வாசித்தால் அந்த எழுத்துரு போதும்.