கிலுகிலுப்பை செய்யுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

1/ லீவு விட்டாச்சு. காலி பாட்டில்ல அரிசி, பருப்பு, புளியங்கொட்டை போட்டு கிலுகிலுப்பை செய்யுற வீடியோ எல்லா ஃபேமிலி குரூப்லயும் சுத்துது. நல்ல விஷயம்தான், மொபைலை விட ஆயிரம் மடங்கு மேல். ஆனா யாரும் கேக்காத ஒரு கேள்வி இருக்கு: உங்க வீட்டு கடைக்குட்டிக்கு என்ன வயசு?

2/ சில மாசம் முன்னாடி ஒன்றரை வயசுப் பையனை ஓபிக்கு தூக்கிட்டு வந்தாங்க. அஞ்சு நாளா இருமல், சிரப்புக்கு கேக்கல. காய்ச்சல் இல்ல, மூக்குச்சளி இல்ல. ஸ்டெத் வெச்சா வலது பக்கம் மூச்சு சத்தம் குறைவு. எப்போ ஆரம்பிச்சுதுன்னு கேட்டேன். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சார், விளையாடிட்டே இருந்தான், திடீர்னு." சளி இருமல் இப்படி நேரம் சொல்லி வராது.

3/ கையில என்ன இருந்துச்சுன்னு கேட்டதும் அந்தம்மா முகம் மாறிடுச்சு. மூணாங்கிளாஸ் படிக்கிற அக்கா ஸ்கூல் கிராஃப்ட்டுக்கு செஞ்ச பாட்டில். மூடி கழண்டு புளியங்கொட்டை சிதறினது, இவங்க பெருக்கி அள்ளிட்டாங்க. மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். மயக்கம் கொடுத்து, பிராங்கோஸ்கோப் போட்டு ஒரு கொட்டையை எடுத்தாங்க. பையன் நல்லா இருக்கான்.

4/ சின்னக் குழந்தைக்கு மென்று அரைக்க கடைவாய்ப்பல் போதாது, எதையும் வாயில வெச்சுதான் பாக்கும். வலது மூச்சுக்குழல் இடதை விட அகலம், நேரா இறங்கும், அதனால பொதுவா அங்கதான் போகும். கொட்டை, பருப்பு ஈரத்துல ஊறி உப்பும். எக்ஸ்ரேல கொட்டை தெரியாது. முதல் இருமல் அடங்கி, சரியான மாதிரி இருந்து, அப்புறம் நிமோனியாவா வரவும் செய்யும்.

5/ ஸ்கூல் மேலயும் அக்கா மேலயும் தப்பு சொல்ல மாட்டேன். எட்டு வயசுக்கு அது சரியான கிராஃப்ட்தான். ஆனா பாட்டில் வீட்டுக்கு வருதே! அதனால என் கருத்து இதுதான்: செய்யுற பிள்ளையோட வயசைப் பாக்காதீங்க, வீட்ல இருக்குற கடைசிப் பிள்ளையோட வயசைப் பாத்து உள்ள என்ன போடலாம்னு முடிவு பண்ணுங்க.

6/ வீட்ல மூணு வயசுக்கு கீழ யாரும் இல்லையா? தாராளமா செய்ங்க. கால் பாட்டில் போதும், நிரப்பிட்டா சத்தமே வராது. ராகி போட்டா மழை தூறுற மாதிரி கேக்கும், கொண்டைக்கடலை போட்டா கடகடன்னு. லேசா வறுத்து ஆற வெச்சுப் போட்டா சீக்கிரம் வண்டு வராது. மூடிக்கு பசை தடவி இறுக்கி, மேல டேப் சுத்துங்க. செலோ டேப் மட்டும் போட்டா ரெண்டு நாள் தாங்காது.

7/ சின்னது இருக்கா? உள்ள எதுவும் போடாத சத்தமா செய்ங்க. நாலஞ்சு பெரிய பிளாஸ்டிக் வளையலை ஒரு துணி வளையத்துல கோர்த்து தச்சுடுங்க (கண்ணாடி வளையல் வேண்டாம், நீளக் கயிறும் வேண்டாம்). இல்ல, எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும். பக்கத்து வீட்டுக்காரங்க திட்டுவாங்க, பரவால்ல.

8/ குண்டுமணி மட்டும் யாருக்குமே வேண்டாம். அழகா இருக்கும், ஆனா உள்ள இருக்குற அப்ரின் கடும் விஷம். கடிச்சாலோ, ஓட்டை போட்ட மணியை முழுங்கினாலோ ஆபத்து.

9/ தொண்டையில சிக்கி, சத்தமா இருமுதுன்னா இரும விடுங்க. அழ முடியல, சத்தம் வரல, நீலமாகுதுன்னா: தலை கீழ இருக்குற மாதிரி முன்பக்கமா சாய்ச்சு, தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடிப்பாகத்தால 5 தட்டு. வரலைன்னா, ஒரு வயசுக்குள்ள மார்பு நடுவுல 5 அழுத்து. அதுக்கு மேலன்னா தொப்புளுக்கு மேல 5 அழுத்து. மாத்தி மாத்தி பண்ணுங்க, இன்னொருத்தர் 108-க்கு அடிக்கணும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டு துழாவாதீங்க, இன்னும் உள்ள போயிடும்.

10/ திடீர்னு ஆரம்பிச்ச இருமலோட டாக்டர்கிட்ட போனா, அவர் கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க: "அப்போ இவன் கையில இது இருந்துச்சு."